மயிலுக்குப் போர்வை, பூனைக்கு நீரூற்று

கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய பேகன், தோகை விரித்து நின்ற மயிலைக் கண்டு, அது குளிரால் நடுங்குகிறது என்றெண்ணித் தன் போர்வையை எடுத்து அதற்கு ஈந்தான் என்பது தமிழ் கற்ற சிறுவரும் அறிந்த செய்தி. மயில் அதனை உடுத்தாது, போர்த்திக்கொள்ளாது என்பதை நன்கறிந்தே ஈந்தான் எனப் புறநானூற்றில் பரணர் அவனை வியந்து பாடுகிறார். புலவர் புகழ்ந்தார், அவர் வழியே நாமும் புகழ்ந்து வருகிறோம். ஆனால் அப்போர்வையைப் பெற்ற மயிலின் நிலை யாதென்று கேட்டவர் ஒருவரையும் காணோம். துணி தோகையின்மேல் கனத்ததோ, காலில் சிக்கியதோ, யாரறிவார்? ஒன்று மட்டும் உறுதி. பிடிக்கவில்லையேல் மயில் போர்வையை உதறிவிட்டு மலைக்குள் போய்விடலாம், தடுப்பார் எவருமிலர். பேகனின் கொடை தீங்கற்ற கொடையாய் நின்றதற்கு அவன் உள்ளத்தின் பெருமை ஒரு காரணமாயின், மயில் கட்டுண்டு கிடவாமை மற்றொரு காரணம் என்பது நம் கருத்து.

இவ்வெண்ணம் நமக்கு ஏட்டைப் புரட்டும்போது தோன்றியதன்று. நண்பர் ஒருவர் தம் பூனைக்காக எழுப்பிய வலைக்கூடத்தின் முன்னே நின்றபோது தோன்றியது.

நண்பர் தோட்டத்தில் பிறந்து, ஆசிரியராய் உழைத்து, இன்று நகர்ப்புறத் தாமான் ஒன்றில் வரிசை வீட்டில் ஓய்வாய் வாழ்பவர். அவர் அன்புடன் வளர்த்த பூனையொன்று ஒரு வைகறையில் வீட்டெதிர்ச் சாலையில் லோரிக்கு இரையாயிற்று. அதனைப் பழந்துணியில் சுற்றி எடுத்துவந்து வாழையடியில் புதைத்தவர், அடுத்து வந்த குட்டியை வாசல் தாண்ட விடுவதில்லை என்று உறுதி பூண்டார். வீட்டின் பக்கவாட்டில் 12 அடி நீளமும் 6 அடி அகலமுமாக இரும்புக் குழாய் நட்டு, நாற்புறமும் மேலும் கம்பிவலை அடித்து, சமையலறைச் சன்னலிலிருந்து பூனை வந்துபோக வழியும் அமைத்தார். ஏறிச் செல்லப் பலகைப் படிகள், நகம் தீட்ட ஒரு மரக்கட்டை, நிழலுக்குச் சிறு கூரை யாவும் செம்மையாய் இருந்தன. இவ்வளவில் நிறுத்தியிருந்தால் இக்கட்டுரைக்கு வேலையில்லை. கூடத்திற்கு அழகு போதவில்லை என்று கருதி, சிமெந்தால் ஒரு பாறை கட்டி, மின்விசையால் நீரை அதன் உச்சிக்கு ஏற்றி அருவிபோல் விழச்செய்து, அடியில் 2 அடி ஆழத்திற்கு வழவழப்பான தொட்டியும் கட்டி, இரவில் நீல விளக்கும் எரியவிட்டார். 800 வெள்ளி செலவாயிற்று என்றார். பார்க்க வந்தோர் அனைவரும் பாராட்டினர். நாமும் பாராட்டினோம், அதனை மறைப்பதற்கில்லை.

ஒரு திங்கள் கழித்து மறுபடியும் சென்றோம். அருவி விழுந்துகொண்டிருந்தது. பூனையோ அதனை ஏறெடுத்தும் பாராமல், கூடத்தின் மறுகோடியில் செம்பருத்தித் தொட்டியின் அடித்தட்டில் தேங்கியிருந்த மண்நீரை நக்கிக்கொண்டிருந்தது. நண்பரின் முகம் வாடிற்று. "பார்த்தீர்களா ஐயா, நன்றி கெட்ட பிறவி!" என்றார். வாசலருகே நாற்காலியில் அமர்ந்து வெற்றிலை இடித்துக்கொண்டிருந்த அவருடைய தாயார், உரலிலிருந்து கண்ணெடுக்காமலே, "ஏனப்பா, அது உன்னிடம் கேட்டதா?" என்றார்.

நண்பர் சிரித்தார், நாமும் சிரித்தோம். வீடு திரும்பும் வழியெல்லாம் அந்த அம்மையாரின் கேள்வி நம்மை விடவில்லை. ஓருயிர் வாய் திறந்து கேட்கமாட்டாததாய் இருக்கும்போது, அதற்கு நாம் கொடுப்பது அதற்காகவா, நமக்காகவா என்பதை எவ்வாறு அறிவது?

முதற்கண் அடைத்து வைப்பதே முறைதானா என்று சிலர் கேட்பர். பூனை தன்னிச்சையாய்த் திரியும் பிராணி. நாலாண்டு வாழினும் கூரைமேலும் சந்திலும் திரிந்து வாழ்வதே அதற்கு வாழ்வு. பதினைந்தாண்டு கம்பிவலைக்குள் மூச்சு விடுவது வாழ்வாகுமா என்பது அவர்கள் வாதம். இதில் உண்மையே இல்லை என்று நாம் தள்ளமாட்டோம். ஆனால் அவ்வாதம் செய்வோர் கணக்கில் சேர்க்காத உயிர்கள் சில உண்டு. ஆஸ்திரேலியாவில் பூனைகளால் ஆண்டுதோறும் மடியும் பறவைகள் 37 கோடிக்கும் மேல் என்று 2017-இல் வெளிவந்த ஆராய்ச்சி மதிப்பிட்டது. வீட்டுப் பூனைகளோடு காட்டில் தானே பெருகிய பூனைகளையும் சேர்த்த கணக்கு அது. பெரும்பங்கு பின்னவற்றின் வேட்டையே. எனினும் வீட்டுப் பூனையின் பங்கும் சிறிதன்று. அந்நாட்டுத் தலைநகரான கான்பெராவில், 2022 சூலை முதல் நாளன்றும் அதன் பின்னும் பிறந்த பூனைகளை உடையவர் தம் எல்லைக்குள்ளேயே வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் செய்தார்கள். சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்து அடுக்குமாடிகளில் 1989 முதல் பூனை வளர்ப்பதற்கே தடை இருந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் உரிமத்தின்பேரில் வீட்டுக்கு இரண்டு பூனைகள் வரை வளர்க்கலாம் என்றாயிற்று. பத்தாம் மாடிச் சன்னலிலிருந்து பூனை விழாதிருக்க வலையடித்தே ஆகவேண்டும். சாலை, நாய், பாம்பு, பூந்தொட்டியைக் கிளறிய பூனைக்கு நஞ்சு வைக்கும் அயலார் என்று நம் நாட்டுக் காரணங்களும் குறைவில்லை. பூனையின் சுதந்திரத்திற்குக் குருவியின் உயிரை விலையாய்க் கொடுக்க நமக்கு உரிமையில்லை. எனவே அடைப்பது குற்றமன்று என்றே கொள்கிறோம்.

ஆயினும், கதவைச் சாத்திய அந்நொடியில் சாத்தியவன் கடனாளி ஆகிவிடுகிறான். வெளியில் திரியும் பூனைக்கு ஒரு நாளில் எத்தனை நீர்நிலைகள்! இலையில் நின்ற மழைத்துளி, கால்வாய் ஓரத்துக் கசிவு, அடுத்த வீட்டு வாளி, அஞ்சடியில் யாரோ கழுவிவிட்ட நீர். இது வேண்டாம், அது போதும் என்று அது தன் காலால் நடந்து தேர்ந்துகொள்கிறது. அடைபட்ட பூனைக்கோ நாம் வைத்த நீர் ஒன்றே நீர். நாம் மறந்த நாளில் அதற்குத் தாகம். நாம் தவறாகத் தேர்ந்தால் அதற்கு நோய். அதன் கால்களிடமிருந்த தேர்வை நம் கைக்கு மாற்றிக்கொண்டோம். அக்கை எவ்வாறு நடந்துகொள்ளவேண்டும் என்பதே நம் முன்னுள்ள கேள்வி.

சட்டம் ஒரு விடை கூறுகிறது. இங்கிலாந்தில் பண்ணை விலங்குகளின் நிலையை ஆராய்ந்த பிராம்பெல் குழு 1965-இல் அறிக்கை தந்தது. அதன் வழிவந்த கருத்துகள் 1979-இல் ஐவகை விடுதலைகளாக வகுக்கப்பட்டன. அவற்றுள் முதலாவது பசி தாகங்களினின்றும் விடுதலை. தன் இயல்புக்கேற்ப நடந்துகொள்ளும் விடுதலையும் அவ்வைந்தில் ஒன்று. மலேசியாவும் 2015-இல் விலங்கு நலச் சட்டம் இயற்றிற்று. ஆனால் சட்டம் என்பது இதற்குக் கீழே போகாதே என்று போட்ட கோடு. அதற்குமேல் எங்கே நிற்பது என்று அது சொல்லாது. ஒரு கிண்ணம் நீர் வைத்தவனும் சட்டத்தின்முன் நல்லவன்; 800 வெள்ளி அருவி வைத்தவனும் நல்லவன். செம்பருத்தித் தட்டில் மண்நீர் குடித்த பூனைக்கு இருவருள் யார் நல்லவர் என்பது வேறு வழக்கு.

அவ்வழக்கைத் தீர்க்கவேண்டுமாயின் பூனையின் உடலைக் கேட்கவேண்டும். வாய் பேசாதெனினும் உடல் பேசும். நம் வீட்டுப் பூனைகளின் மூதாதை ஆப்பிரிக்காவிலும் மேற்காசியாவிலும் வாழும் காட்டுப்பூனை இனம் என்று 2007-இல் வெளியான மரபணு ஆராய்ச்சி நிறுவியது. வறண்ட நிலத்து விலங்கு அது. நீர் அருகிக் கிடைக்கும் நிலத்தில், தான் கொன்ற எலியின் உடலிலிருந்தே பெரும்பாலான நீரைப் பெற்று வாழ்ந்தது. எலியின் உடலில் ஏறத்தாழ பத்தில் ஏழு பங்கு நீர். அப்பிழைப்புக்கேற்ப அதன் சிறுநீரகம் மனிதருடையதினும் இருமடங்குக்கு மேல் சிறுநீரைச் செறிவாக்க வல்லது. அதன் தாக உணர்ச்சியோ மந்தமானது. அத்தகைய உடலுக்கு நாம் கடையில் வாங்கிக் கொடுப்பது பத்தில் ஒரு பங்கும் நீரில்லாத உலர் தீனி! நான்கு கிலோ எடையுள்ள பூனைக்கு, உணவிலுள்ளதையும் சேர்த்து, நாளொன்றுக்குச் சுமார் 200 மில்லிலிட்டர் நீர் வேண்டும். உலர் தீனி தின்னும் பூனை அவ்வளவையும் நக்கியே குடித்தாகவேண்டும். பல பூனைகள் குடிப்பதில்லை. முதிர்ந்த பூனைகளைப் பெரிதும் வாட்டுவது சிறுநீரக நோய். கடுவனுக்குச் சிறுநீர் அடைத்துக்கொண்டால் ஓரிரு நாளில் உயிரே போய்விடும். ஆகவே பூனைக்கூடத்தில் நீர் வைப்பது அலங்கார வேலையன்று; உயிர்க்காப்பு வேலை. நீரூற்றை நகைப்பவர்கள் இதனை முதலில் உணரவேண்டும். நண்பரின் நோக்கத்தில் பாதியேனும் சரியானதே.

பூனை குடிக்கும் விதமும் நோக்கத்தக்கது. நாயைப்போல் நாவைக் கரண்டியாக்கி முகந்து இறைப்பதில்லை. நாவின் நுனியை நீர்ப்பரப்பில் தொட்டும் தொடாமலும் வைத்து வெடுக்கென மேலிழுக்கிறது. நுனியைப் பற்றிக்கொண்டு ஒரு நீர்த்தூண் எழுகிறது. அது விழுமுன் வாயை மூடிக்கொள்கிறது. நொடிக்கு நான்கு முறை இவ்வாறு செய்கிறது என்று 2010-இல் அறிஞர் படம் பிடித்துக் காட்டினர். அசையாத நீரின் மேற்பரப்பு பக்கத்தில் அதற்குத் தெளிவாய்த் தெரிவதில்லை. மிக அருகிலுள்ள பொருளில் பூனையின் பார்வை மங்கும். அதனால்தான் சில பூனைகள் முதலில் கையால் நீரைத் தட்டிப் பார்க்கின்றன. ஓடும் நீர் மினுங்குவதால் அதனை நாடும் பூனைகள் உண்டு. ஆனால் ஊற்று வைத்தால் எல்லாப் பூனையும் மிகுதியாய்க் குடிக்கும் என்று எண்ணி ஆராய்ந்தவர்கள் ஏமாந்தார்கள். மொத்தத்தில் பெருவேறுபாடு காணவில்லை. ஒரு பூனை ஊற்றை விரும்பிற்று, மற்றொன்று கிண்ணத்தை விரும்பிற்று, இன்னொன்றுக்கு எல்லாம் ஒன்றாயிற்று. இந்த முடிவை நாம் பெரிதும் மதிக்கிறோம். 'பூனைக்கு இது பிடிக்கும்' என்று ஓர் இனத்தையே சேர்த்துப் பேசுபவரை அது வாயடைக்கிறது. பூனை நீருக்கு அஞ்சும் என்பதும் அத்தகைய பேச்சே. நம் தீபகற்பத்துச் சதுப்புகளில் வாழும் தட்டைத்தலைப் பூனை நீரில் இறங்கி மீன் பிடித்து உண்பது. புலியோ வெயிற்பொழுதில் கழுத்தளவு நீரில் கிடப்பது.

அப்படியாயின் அருவியை யார் பொருட்டுக் கட்டுகிறோம்? இங்கே விலங்குக் காட்சிசாலைகளின் வரலாறு சற்று நினைவுக்கு வருகிறது. செர்மனியின் ஹாம்பர்க் நகரையடுத்த ஸ்டெல்லிங்கனில் கார்ல் ஹாகன்பெக் என்பார் 1907-இல் இரும்புக் கம்பிகளை நீக்கி, அகழிகளால் விலங்குகளைப் பிரித்து வைத்தார். சிங்கப்பூர் விலங்குத் தோட்டமும் 1973-இல் திறக்கப்பட்டபோது அவ்வழியையே பின்பற்றி, கம்பியின்றி நீரகழியாலும் பள்ளத்தாலும் வேலியிட்டது. கண்ட மக்கள், "ஆகா, விலங்குகள் சுதந்திரமாய் உலவுகின்றன" என்றனர். அந்நீர் காண்பவன் கண்ணுக்கு ஓடை; விலங்கிற்கோ சுவர். இதனால் அவ்வகழிகள் தீயவை என்று நாம் சொல்ல வரவில்லை. இருட்டறைக் கூண்டினும் அவை எவ்வளவோ மேல். ஆனால் அழகிய நீரைக் கண்டமாத்திரத்தில், உள்ளே இருப்பது மகிழ்ச்சியாய் இருக்கிறது என்று நம் மனம் தானே முடிவு கட்டிவிடுகிறது. அடைத்து வைத்த குற்றவுணர்வை அந்நீரிலேயே கழுவிக்கொள்கிறோம். நண்பரின் நீல விளக்கும் இவ்வகையே. பூனை இருட்டில் நம்மினும் நன்றாய்க் காணும். அதற்கு விளக்கு எதற்கு?

அருவியில் இன்னுமொரு துன்பம் உண்டு. அது கண்ணுக்குத் தெரியாது, பெரும்பாலும் காதுக்கும் கேளாது. மனிதன் செவி நொடிக்கு 20,000 அதிர்வுக்கு மேற்பட்ட ஒலியைக் கேளாது. பூனையின் செவி 60,000-க்கும் மேலே கேட்கும். நமக்கு அமைதியாய் ஓடும் விசைக்குழாய் அதன் காதில் இராப்பகலாய்க் கூவிக்கொண்டிருக்கலாம். பரந்த வெளியாயின் எழுந்து அப்பால் போகும். 12 அடிக் கூடத்தில் அப்பால் என்பது எங்கே? பேகனின் மயிலுக்கும் இப்பூனைக்கும் உள்ள வேற்றுமை இதுவே. மயிலின் போர்வை மறுக்கக்கூடிய கொடை. பூனையின் அருவி மறுக்கமுடியாத கொடை. மறுக்க வழியில்லாதவனுக்குக் கொடுப்பவன், கொடுக்குமுன் பத்து மடங்கு எண்ணிப் பார்த்தல் வேண்டும். 2 அடி ஆழத் தொட்டிக்கும் இதே நியாயம். வழவழப்பான சுவரில் நகம் பற்றாது. தவறி விழுந்த குட்டி ஏற வழியின்றி மூழ்கும். கற்களை அடுக்கிச் சரிவாக்கி, விழுந்தால் நடந்தே வெளியேறும்படி செய்யாத நீர், கூடத்திற்குள் நாமே வைத்த கண்ணி.

மீனைப் பற்றியும் ஒரு சொல் சொல்லவேண்டும். இத்தகைய தொட்டிகளில் பூனைக்குப் பொழுதுபோக்காய்ச் சிறு மீன்களை விடுவோர் உளர். பூனை கரையிலமர்ந்து கண் கொட்டாமல் பார்க்கிறதாம், கண்டு களிக்கிறார்களாம். குருவியைக் காக்கவென்று வலையடித்தவர், வலைக்குள்ளே மீனை இறக்கிவிடுவது எந்த ஊர் அருள்? பூனை மீனைத் தின்பது பூனையின் இயல்பு. அதனை நாம் பழிக்கவில்லை. வளர்ப்பவர் அதற்கு மீன் உணவாய்க் கொடுப்பதும் இருக்கிறது. ஆனால் ஒளிய இடமில்லாத சிறுதொட்டியில் ஓருயிரை நாள்தோறும் அச்சத்தில் நிறுத்தி, மற்றோருயிருக்கு அதனைக் கூத்தாக்குவது வேறு. வேட்டையாடும் இயல்புக்கு ஈடு செய்யவேண்டுமென்றால் நீரில் மிதக்கும் ஒரு தக்கையே போதும். கையால் தட்டித் தட்டி ஒரு நாழிகை விளையாடும்.

கொசுவுக்காக மீன் விடுகிறோம் என்பாரும் உண்டு. இது சற்றே கனமான வாதம். நம் வெப்பநாட்டில் தேங்கிய நீரில் ஏடிஸ் கொசு முட்டையிலிருந்து சிறகு முளைத்துப் பறக்க ஒரு வாரமே வேண்டும். டெங்கிக் காய்ச்சலால் வாடும் ஊரில், தன் பூனை மகிழக் குளம் வெட்டி அடுத்த வீட்டுக் குழந்தைக்குக் காய்ச்சல் ஏற்றுமதி செய்பவனை அன்புடையவன் என்று எவ்வாறு அழைப்பது? வலைக்கூடத்திற்கு எல்லை கம்பிவலையோடு முடிகிறது. அதிலுள்ள நீரின் எல்லை அவ்வளவில் முடிவதில்லை. இதற்கும் மீன் கட்டாயமில்லை. கலம் சிறியதாயின் நாள்தோறும் கவிழ்த்துத் தேய்த்துக் கழுவி மறுநீர் ஊற்றினால் கொசுவுக்கு இடமேது? கழுவ முடியாத அளவு பெரிய குளத்தை ஏன் கட்டினோம் என்பதே கேட்கவேண்டிய கேள்வி. ஓர் எச்சரிக்கையும் இங்கே வேண்டும்: கொசுவைக் கொல்லவென்று பெர்மெத்ரின் கலந்த மருந்துகளைப் பூனை உள்ள இடத்தில் தெளிக்கலாகாது. மனிதனுக்கும் நாய்க்கும் பெரும்பாலும் தீங்கு செய்யாத அம்மருந்து பூனையைக் கொல்லும்.

இவ்வளவும் படித்த தோட்டத்து அன்பர் ஒருவர், "மனிதனுக்கே நீரில்லாத காலத்தைக் கண்டவர்கள் நாங்கள்; பூனைக்கு நீரூற்று நியாயம் பேசுகிறீரோ?" என்று சினக்கலாம். சினம் தகும். லயத்துக்கு ஒரு குழாய் வைத்து, விடியுமுன் வாளிகளோடு வரிசையில் நின்ற தலைமுறையின் பேரர்கள் நாம். ஆனால் அக்குழாயடியின் கதையே நம் பக்கம் சாட்சி சொல்கிறது. குழாயை எங்கே நடுவது, எத்தனை நடுவது என்று முடிவு செய்தவர்கள் அதில் நீர் பிடித்தவர்கள் அல்லர். நீர் பிடிக்கும் பெண்ணை ஒருவரும் கேட்டதில்லை. அவளுக்கு வாயிருந்தும் கேட்டதில்லை. பூனையையும் மனிதனையும் ஒரு தட்டில் வைக்கிறோம் என்று எவரும் கொள்ளவேண்டாம். பெறுபவனை நோக்காமல் கொடுப்பது என்னும் வழக்கம், பெறுபவன் யாராயினும், கொடுப்பவன் கண்ணை ஒரே விதமாய்க் கெடுக்கிறது. அன்றியும், நாம் கேட்பது பணச்செலவன்று. நண்பரின் அருவிக்கு 800 வெள்ளி. பசாரில் வாங்கும் அகன்ற மண்சட்டிக்கு அதில் சிறு பங்கும் ஆகாது. உணவுத் தட்டிலிருந்து விலக்கி ஒன்று, நிழலில் ஒன்று, உயரத்தில் ஒன்று என வெவ்வேறு நீரை வைத்துவிட்டுப் பத்து நாள் கவனித்தால், எது வேண்டுமென்று பூனையே தன் நடையால் சொல்லிவிடும். அவற்றுள் ஒன்று ஓடும் நீராகவும் இருக்கட்டும். ஆனால் அதன் விசை ஒலியினின்றும் விலகிப் படுக்க இடமிருக்கட்டும்.

'கவனித்தால்' என்று எளிதாய் எழுதிவிட்டோம். அதுதான் அரிது. பேகனிடமே மீண்டும் வருவோம். மயிலுக்குப் போர்வை ஈந்த அவ்வள்ளல், தன் மனைவி கண்ணகியைத் துறந்து வேறொருத்தியுடன் வாழ்ந்தான். அவள் வாடியிருப்பதைக் கண்ட கபிலர், பரணர், அரிசில்கிழார், பெருங்குன்றூர்கிழார் ஆகிய புலவர்கள், பரிசில் கேட்கவேண்டிய வாயால், எங்களுக்குப் பொருள் வேண்டாம், அவள் துயரைத் தீர் என்று அவனை இரந்தார்கள். அவர்களுள் மயிற்கொடையைப் புகழ்ந்த அதே பரணரும் இருக்கிறார். மயிலுக்கு இரங்கியவனே என்று விளித்தே இதனைக் கேட்கிறார். அக்காலத்தில் ஒரு வேந்தனை நோக்கி இதைவிடக் கூர்மையாகப் பேச முடியுமா என்பது நமக்கு ஐயம். நடுங்காத மயிலின் நடுக்கம் தெரிந்த கண்ணுக்கு, வீட்டில் அழுதவளின் கண்ணீர் தெரியவில்லை. அவனிடம் ஈகைக்குக் குறைவில்லை, நோக்குக்குத்தான் குறைவு.

இதனை நண்பரிடம் சொன்னோம். சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு, "நான் கண்ணகியைக் கைவிட்டவனில்லையே ஐயா" என்று நகைத்தார். எனினும் மறுவாரமே விசையை நிறுத்தித் தொட்டியின் நீரை வடித்து, பாதிவரை கூழாங்கல் இட்டு நிரப்பிவிட்டார். மூன்று மண்சட்டிகளை வாங்கி மூன்று இடத்தில் வைத்தார். பத்து நாள் காலையும் மாலையும் ஒரு பழைய பள்ளிக் குறிப்பேட்டில் பூனை எங்கே குடித்தது என்று எழுதிவந்தார்; ஆசிரியராய் இருந்தவரல்லவா!

மூன்று சட்டியில் இரண்டைப் பூனை தொடவேயில்லை. மூன்றாவதில் எப்பொழுதாவது வாய் வைத்தது. பெரும்பாலும் குடித்தது அந்தச் செம்பருத்தித் தட்டில்தான். மழைநீர் விழும் இடமென்பதாலோ, தட்டு அகன்று ஆழமின்றி இருந்ததாலோ, அங்கிருந்து தெருவும் வாசலும் ஒருங்கே தெரிந்ததாலோ, அது பூனைக்கே வெளிச்சம். இப்போது நண்பரின் தாயார் நாள்தோறும் காலையில் செடியைச் சற்று நகர்த்தி, அத்தட்டை எடுத்துத் தேங்காய்நாரால் தேய்த்துக் கழுவி, நல்ல நீர் ஊற்றி அதே இடத்தில் வைக்கிறார். செம்பருத்தி வேறு தட்டுக்குப் போயிற்று.

சிமெந்துப் பாறை அப்படியே நிற்கிறது. இடித்தெடுக்கக் கூலி மிகுதியென்று விட்டுவிட்டார். சென்ற முறை நாம் போனபோது நடுப்பகல். உலர்ந்த அப்பாறையின் உச்சியில், முன்பு நீர் கொட்டிய வாயின்மேல், வயிற்றைக் காட்டிக்கொண்டு பூனை உறங்கிக்கொண்டிருந்தது.